பட்டமும் பயிற்சியும்: கொல்கத்தாவில் சிறப்புக் கல்வி ஆசிரியர் உருவாக்கத்தின் வரலாறு

முன்னுரை

பள்ளிக் கல்வியை முடித்துக் கல்லூரியில் சேரும் மாணவர் ஒருவர் நான்கே ஆண்டுகளில் இளங்கலைப் பட்டத்தையும் சிறப்புக் கல்வி ஆசிரியருக்குரிய தகுதியையும் ஒருங்கே பெறும் வாய்ப்பு இன்று இந்தியாவில் உருவாகியுள்ளது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதனைத் தொடர்ந்த விதிமுறைகளும் இதனை ஒரு புதுமையாக முன்வைக்கின்றன. ஆயின், வரலாற்று நோக்கில் பார்க்குமிடத்து இது முற்றிலும் புதியதன்று. கல்லூரிக் கல்வியும் சிறப்புக் கல்வியும் தொடக்கத்தில் அருகருகே இருந்து, பின்னர்ப் பிரிந்து, ஒரு நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் இணைய முற்படுகின்றன. இந்தப் பிரிவையும் இணைவையும் தெளிவாகக் காட்டும் நகரம் கொல்கத்தா.

அந்நகரில் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் எவ்வாறு உருவாக்கப்பட்டனர், பட்டக் கல்விக்கும் அவர்தம் பயிற்சிக்கும் இருந்த உறவு எவ்வாறு மாறியது, அம்மாற்றத்தால் வகுப்பறை பெற்றதும் இழந்ததும் யாவை என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பொருத்தமான இடங்களில் தமிழக நிகழ்வுகள் ஒப்பிடப்படுகின்றன. பழைய நிறுவனப் பெயர்களில் உள்ள, இன்று வழக்கொழிந்த சொற்கள் தவிர்க்கப்பட்டு, இக்காலச் சொற்களே பயன்படுத்தப்பட்டுள்ளன. கல்கத்தா என்னும் பெயர் 2001ஆம் ஆண்டில் கொல்கத்தா என மாற்றப்பட்டதால் கட்டுரை முழுவதும் பின்னைய பெயரே ஆளப்படுகிறது.

முதலில் பட்டம், பின்னர்ப் பயிற்சி

ஆங்கிலேயர் ஆட்சியில் உருவான ஆசிரியர் கல்வி முறை ஒரு வரிசையை அடிப்படையாகக் கொண்டது. பொருளறிவைக் கல்லூரி தரும்; அதன் பின்னரே கற்பிக்கும் முறையைப் பயிற்சிக் கல்லூரி தரும் என்பது அவ்வரிசை. சென்னையில் 1856ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஆசிரியர் பயிற்சி நிறுவனம் பின்னாளில் பட்டதாரிகளுக்கு எல்.டி. பட்டத்திற்குரிய பயிற்சியை அளித்தது. கொல்கத்தாவில் 1908ஆம் ஆண்டு நிறுவப்பட்ட டேவிட் ஹேர் பயிற்சிக் கல்லூரியும் இவ்வழியிலேயே இயங்கியது.

இவ்வரிசைக்கு ஒரு தருக்கம் உண்டு. கற்பிக்க வேண்டியதை முதலில் கற்றுத் தேர்ந்த பின்னரே கற்பிக்கும் முறையைப் பற்றிச் சிந்திக்க இயலும் என்பதே அது. ஆனால் இவ்வரிசைக்குள் சிறப்புக் கல்விக்கு இடம் வகுக்கப்படவில்லை. பார்வையற்ற குழந்தைக்கும் செவித்திறன் குறைந்த குழந்தைக்கும் கல்வி புகட்டுவது அறச்செயலாகக் கருதப்பட்டதேயன்றி, பல்கலைக்கழகம் ஏற்கத்தக்க அறிவுத்துறையாக எண்ணப்படவில்லை. எனவே சிறப்புக் கல்விக்கான ஆசிரியர்கள் பயிற்சிக் கல்லூரிகளில் உருவாகவில்லை. அவர்கள் வேறிடத்தில் உருவாயினர்.

கல்லூரி அறையில் தோன்றிய பள்ளி

கொல்கத்தாவில் செவித்திறன் குறையுடையோர்க்கான பள்ளி 1893ஆம் ஆண்டு தோன்றியது. ஸ்ரீநாத் சின்ஹா, ஜாமினிநாத் பானர்ஜி, மோகினி மோகன் மஜும்தார் ஆகிய மூவரும் அதன் முன்னோடிகள் ஆவர். அவர்களுக்குத் துணைநின்றவர் சிட்டி கல்லூரியின் முதல்வர் உமேஷ் சந்திர தத்தர். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த இவர், 1863ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ‘பாமாபோதினி பத்ரிகா’ என்னும் மகளிர் இதழின் ஆசிரியராகவும் விளங்கியவர். பெண்கல்விக்கு உழைத்த ஒருவரே செவித்திறன் குறையுடைய குழந்தைகளின் கல்விக்கும் ஆதரவளித்தமை தற்செயல் அன்று. கல்வி யாருக்குரியது என்னும் வினா அக்காலத்து வங்காளத்தில் விரிந்துகொண்டே சென்றதன் அடையாளம் எனலாம்.

பள்ளியின் முதல் வகுப்பு சிட்டி கல்லூரியின் ஓர் அறையிலேயே நடைபெற்றது என்பது இங்குக் கருதத்தக்கது. பட்டப் படிப்பு நடைபெற்ற கட்டடத்திலேயே சிறப்புக் கல்வியும் தோன்றியுள்ளது. ஆயின், இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தனவே தவிர, ஒரே பாடத்திட்டத்தின் கீழ் வரவில்லை. கற்பிக்கும் முறையை அறிய விரும்பியவருக்கு உள்நாட்டில் வழியில்லை.

எனவே ஜாமினிநாத் பானர்ஜி 1890களின் நடுவில் கடல் கடந்து சென்றார். இலண்டனில் பேச்சுவழிக் கற்பித்தல் முறையைப் பயின்றார். பின்னர் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலுள்ள காலடெட் கல்லூரியின் ஆசிரியர் பயிற்சித் துறையில் சேர்ந்தார். 1891ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அத்துறை, கேட்கும் திறனுடைய பட்டதாரிகளைச் செவித்திறன் குறையுடையோரின் ஆசிரியர்களாக உருவாக்கும் நோக்கமுடையது. பேச்சுவழிக் கற்பித்தலை மட்டும் சிறப்பித்த இலண்டன் மரபையும், சைகையையும் பேச்சையும் இணைத்துப் பயன்படுத்திய காலடெட் மரபையும் அவர் ஒருங்கே அறிந்தார். நாடு திரும்பிய பின்னர்ப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பிற மாகாணங்களிலிருந்தும் ஆசிரியர்கள் பயிற்சி நாடிக் கொல்கத்தா வரலாயினர். 1935ஆம் ஆண்டில் இந்தியச் செவித்திறன் குறையுடையோர் ஆசிரியர்களின் அமைப்பு உருவானபோது அதற்குக் களம் அமைத்துத் தந்ததும் இம்மரபே.

இம்முதற்கட்டத்தின் இயல்பு வெளிப்படையானது. கல்லூரியோடு தொடர்புடைய இளைஞர்கள் தாமாகவே இத்துறைக்கு வந்தனர். தகுதியை வழங்க அமைப்பு இல்லாத நிலையில், தேடிச் சென்று பெற்று, பெற்றதைப் பள்ளிக்குள்ளேயே பிறருக்கு வழங்கினர். இதனைக் குருகுல வழிப்பட்ட பயிற்சி எனக் கூறலாம்.

பெகலாவும் பாளையங்கோட்டையும்

பார்வையற்றோர் கல்வியிலும் இதே போக்கைக் காணமுடிகிறது. லால் பிகாரி ஷா 1897ஆம் ஆண்டில் கொல்கத்தா பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் பெகலா பகுதியில் நிலைபெற்ற இப்பள்ளியின் பணியை அவர்தம் மகன் அருண்குமார் ஷா தொடர்ந்தார். வங்க மொழிக்கென லால் பிகாரி ஷா அமைத்த புள்ளியெழுத்து முறை ‘ஷா பிரெயில்’ என அவர் பெயராலேயே வழங்கியது. எழுத்து முறையை ஆக்கியவரே ஆசிரியராகவும், ஆசிரியர்களை உருவாக்குபவராகவும் இருந்தார் என்பது இதனால் புலனாகிறது.

தமிழகத்தில் பாளையங்கோட்டை இதற்கு இணையான களமாகும். அங்குச் சாரா தக்கர் கல்வி நிறுவனத்தின் பொறுப்பிலிருந்த ஆஸ்குவித் அம்மையார் 1890ஆம் ஆண்டில் பார்வையற்றோர்க்கான பள்ளியைத் தொடங்கினார். அதே பத்தாண்டில் புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் செவித்திறன் குறையுடையோர்க்கான பள்ளியை அந்நகரிலேயே நிறுவினார். கொல்கத்தாவில் வங்காளப் படித்த வகுப்பாரும் பாளையங்கோட்டையில் அயல்நாட்டு மறைப்பணியாளரும் முன்னின்றனர் என்பது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. இரு நகரங்களிலும் சிறப்புப் பள்ளி ஏற்கெனவே இயங்கிவந்த கல்வி நிறுவனம் ஒன்றன் நிழலில் முளைத்தது என்பது ஒற்றுமை. எனினும், இரு நகரங்களிலும் அந்நிறுவனங்களின் பாடத்திட்டத்திற்குள் சிறப்புக் கல்வி நுழையவில்லை.

மொழியறிவும் முறையறிவும்

பட்டமும் பயிற்சியும் தனித்தனியே இருப்பதால் என்ன இழப்பு என்னும் வினா எழுதல் இயல்பு. இதற்கான விடையை மொழிப்பாட வகுப்பிலிருந்து பெறலாம்.

செவித்திறன் குறைந்த குழந்தைக்குப் பேச்சைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒலிகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியினின்று எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் வெவ்வேறு எழுத்தாவதை விளக்குகிறது. இலக்கண மாணவர் தேர்வுக்காகப் பயிலும் இச்செய்தி, பேச்சுப் பயிற்சி வகுப்பில் அன்றாடக் கருவியாகிறது. ‘பாலை’, ‘மாலை’ என்னும் இரு சொற்களையும் உதட்டசைவைக் கொண்டு மட்டும் வேறுபடுத்த இயலாது. இரண்டின் முதலெழுத்தும் இதழ் இயைந்தே பிறக்கின்றன. மகரத்தின் மூக்கொலி கண்ணுக்குப் புலனாவதில்லை. குழந்தையின் விரலை ஆசிரியர் தம் மூக்கின் பக்கத்தில் வைத்து அதிர்வை உணர்த்தும்போதுதான் வேறுபாடு விளங்குகிறது. இதனைச் செய்ய முறையறிவு வேண்டும். ஏன் செய்கிறோம் என்பதை அறிய மொழியறிவு வேண்டும்.

பிரெயில் எழுத்திலும் இந்நிலை உண்டு. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. வெவ்வேறு மொழிகளில் ஒத்த ஒலிக்கு ஒரே புள்ளியமைப்பைத் தருவது அதன் அடிப்படை. அச்செழுத்தில் ‘கெ’ என்பதை எழுதும்போது கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கின்றன. பிரெயிலில் மெய்யைக் குறிக்கும் எழுத்து முன்னும் உயிரைக் குறிக்கும் எழுத்து பின்னும் வரும். உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் அமையும் என்னும் இலக்கணக் கருத்துக்கு அச்செழுத்தைக் காட்டிலும் பிரெயில் நெருக்கமானது. பார்வையற்ற மாணவர் உயிர்மெய்யின் அமைப்பை விரலாலேயே உணர்கிறார். இலக்கணம் அறியாத பிரெயில் ஆசிரியர் இவ்வாய்ப்பை நழுவவிடுவார். பிரெயில் அறியாத தமிழாசிரியர்க்கு இவ்வாய்ப்பு இருப்பதே தெரியாது.

லால் பிகாரி ஷாவின் பணியும் ஜாமினிநாத் பானர்ஜியின் பணியும் பயன் அளித்தமைக்குக் காரணம் இவ்விரு அறிவும் அவர்களிடம் ஒருங்கே இருந்தமையே எனலாம். அவர்களுக்குப் பின் வந்த அமைப்பு இவற்றைப் பிரித்து வைத்தது.

பிரிவின் நூற்றாண்டு

இருபதாம் நூற்றாண்டில் கொல்கத்தாவிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் சிறப்புக் கல்வி நிறுவனங்கள் பெருகின. அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கான இல்லம் 1918ஆம் ஆண்டில் குர்சியோங்கில் தோன்றியது. 1933ஆம் ஆண்டு ஜார்கிராமில் கிரிஜாபூஷண் முகர்ஜி ‘போதனா நிகேதன்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பார்வையற்ற சிறுவர்களுக்கான கல்விக்கூடம் 1957ஆம் ஆண்டு நரேந்திரபூரில் இராமகிருஷ்ண மிஷனால் நிறுவப்பட்டது. பிரெயில் அச்சகமும் ஆசிரியர் பயிற்சியும் அதனோடு இணைந்து வளர்ந்தன. மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கென 1974ஆம் ஆண்டில் சுதா கௌல் முதலானோர் தொடங்கிய அமைப்பு, பின்னர் இந்திய மூளை முடக்குவாத நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 1978ஆம் ஆண்டு பன்ஹூக்ளியில் இயக்கக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் அமைந்தது. பிற தேசிய நிறுவனங்களின் கிழக்கு மண்டல மையங்களும் அவ்வளாகத்தில் இடம்பெற்றன.

இந்நிறுவனங்கள் ஆசிரியர்களுக்கான பட்டயப் பயிற்சிகளை நடத்தின. ஒவ்வொன்றும் ஒரு குறைபாட்டை மையமாகக் கொண்டது. பயிற்சி பெறுவோர் குழந்தைகளோடு நாள்தோறும் பழகும் வாய்ப்பைப் பெற்றனர். இது இம்முறையின் பெருஞ்சிறப்பாகும். நூலில் படிப்பதைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியாகக் குழந்தையிடமிருந்து கற்றனர்.

மறுபுறம், கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916ஆம் ஆண்டளவில் தோன்றிய சோதனை உளவியல் துறை இந்தியாவில் இவ்வகையில் முதலாவதாகும். அத்துறையோடு தொடர்புடைய கிரீந்திரசேகர் போஸ் 1922ஆம் ஆண்டில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். குழந்தையின் மனத்தை ஆராயும் அறிவு பல்கலைக்கழகத்திலும், குழந்தையைக் கற்பிக்கும் அனுபவம் சிறப்புப் பள்ளியிலும் வளர்ந்தன. ஒரே நகரில் சில கல் தொலைவில் இருந்தும் இவ்விரண்டையும் ஒருவர் ஒரே படிப்பில் பெறும் வழி உருவாகவில்லை.

இப்பிரிவின் விளைவுகள் மூன்று. முதலாவது, சிறப்பாசிரியரின் தகுதி பட்டம் அன்று, பட்டயமே என நிலைத்தது. ஊதியமும் மதிப்பும் அதற்கேற்பவே அமைந்தன. இரண்டாவது, பட்டயத்தோடு நின்றவர் தொடக்கக் கல்விக்கு அப்பால் கற்பிக்க இயலாமற்போனது. உயர்நிலை வகுப்பில் அறிவியலையோ இலக்கியத்தையோ கற்க விரும்பிய மாணவர் பொதுப்பள்ளி ஆசிரியரை நாட வேண்டியதாயிற்று. மூன்றாவது, பொதுப்பள்ளி ஆசிரியர் தம் வகுப்பிலுள்ள சிறப்புத் தேவையுடைய குழந்தையைத் தம் பொறுப்பெனக் கருதாமல் ‘வேறொருவர்க்கு உரியவர்’ எனக் கருதும் மனப்பாங்கு வளர்ந்தது. மூன்றனுள் இதுவே நெடுநாள் நீடித்த தீங்கு எனலாம்.

சட்டமும் பதிவேடும்

இந்திய மறுவாழ்வுக் குழுமம் 1986ஆம் ஆண்டு பதிவுபெற்ற சங்கமாகத் தோன்றியது. 1992ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, 1993 ஜூன் மாதத்தில் அது சட்டமுறை அமைப்பாயிற்று. சிறப்புக் கல்விப் பாடத்திட்டங்களை வகுத்தல், பயிற்சி நிறுவனங்களுக்கு ஏற்பளித்தல், தகுதி பெற்றோரை மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் சேர்த்தல் ஆகியன அதன் கடமைகள். பதிவு பெறாத ஒருவர் இத்தொழிலை மேற்கொள்வது அச்சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி ஓராண்டு வரையிலான சிறைக்கோ, ஆயிரம் ரூபாய் வரையிலான தண்டத்திற்கோ, இரண்டிற்குமோ உரிய குற்றமாகும்.

சிறப்பாசிரியரின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். பள்ளியின் சான்றே தகுதியாக இருந்த காலம் முடிந்தது. நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடு வந்தது. ஆனால் அதே 1993ஆம் ஆண்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்திற்கான சட்டமும் இயற்றப்பட்டது. பொது ஆசிரியர் கல்வி ஓர் அமைப்பின் கீழும் சிறப்பாசிரியர் கல்வி மற்றோர் அமைப்பின் கீழும் வந்தன. நடைமுறையில் இருந்த பிரிவு இவ்வாறு சட்ட வடிவமும் பெற்றது.

இதன் பின்னர்ச் சிறப்புக் கல்வியில் பி.எட். பட்டம் பரவலாயிற்று. பட்டயம் பட்டமாக உயர்ந்தது ஒரு முன்னேற்றமே. கொல்கத்தாவில் 1997ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நேதாஜி சுபாஷ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பணியிலிருப்போரும் கற்கும் வகையில் தொலைநிலையில் இப்பட்டத்தை வழங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இவ்வழியில் செயல்பட்டது. ஆயினும் வரிசை மாறவில்லை. இளங்கலைக்கு மூன்று ஆண்டுகள். அதன் பின்னரே சிறப்பு பி.எட். 2015ஆம் ஆண்டளவில் பி.எட். ஈராண்டுப் படிப்பாக்கப்பட்டபோது மொத்தக் காலம் ஐந்து ஆண்டுகளாயிற்று. ஐந்து ஆண்டுகளைக் கல்லூரியில் செலவிட இயலாத எளிய குடும்பத்து மாணவர் பட்டயத்தோடு நின்றுவிட நேர்ந்தது. பட்டமா பயிற்சியா என்னும் தேர்வு அவர்களைப் பொறுத்தவரை விருப்பத்தால் அமைந்தது அன்று. வீட்டின் நிலையால் அமைந்தது.

மீண்டும் ஒரு கூரை

பட்டத்தையும் பயிற்சியையும் இணைக்கும் எண்ணம் பொது ஆசிரியர் கல்வியில் முன்னரே தோன்றியது. 1963ஆம் ஆண்டளவில் மைசூர், புவனேசுவரம், போபால், அஜ்மீர் ஆகிய நான்கு நகரங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் நிறுவப்பட்டு, நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பு நடத்தப்பட்டது. தமிழக மாணவர்க்கு மைசூரும், வங்காள மாணவர்க்குப் புவனேசுவரமும் உரியனவாக இருந்தன. அம்முயற்சி நான்கு கல்லூரிகளின் எல்லையைத் தாண்டி விரைந்து பரவவில்லை. சிறப்புக் கல்வி அதில் முதன்மை பெறவும் இல்லை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2030ஆம் ஆண்டிற்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். படிப்பைப் பள்ளி ஆசிரியரின் குறைந்த அளவுத் தகுதியாக்க வேண்டும் என்றது. சிறப்பாசிரியர்க்குப் பாட அறிவும் குழந்தைகளின் தனித்தேவைகளை அறியும் திறனும் சேர்ந்தே வேண்டும் என்பதையும், இரு குழுமங்களின் பாடத்திட்டங்களும் இயைந்து செல்ல வேண்டும் என்பதையும் அக்கொள்கை வலியுறுத்துகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மறுவாழ்வுக் குழுமம் கலை, அறிவியல், வணிகவியல் பட்டங்களோடு சிறப்பு பி.எட். பட்டத்தை இணைத்த நான்காண்டுப் பாடத்திட்டத்தை வகுத்திருந்தது. பொது ஆசிரியர்க்கான ஒருங்கிணைந்த படிப்பு 2023–24ஆம் கல்வியாண்டில் 57 நிறுவனங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மறுவாழ்வுக் குழுமம் வெளியிட்ட சுற்றறிக்கை, ஈராண்டுச் சிறப்பு பி.எட். படிப்பிற்குப் புதிய அனுமதி வழங்குவதை நிறுத்தி, நான்காண்டுப் படிப்பின் பக்கம் திரும்பியது.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரல் மாதத்தில் வெளியிட்ட நெறிமுறை வேறொரு வழியையும் திறந்தது. மாணவர் ஒருவர் ஒரே காலத்தில் இரு படிப்புகளைத் தொடரலாம் என்பது அது. எனினும் உரிய சட்டமுறைக் குழுமங்களின் விதிகளுக்கு அது கட்டுப்பட்டது. வகுப்பறைப் பயிற்சி இன்றியமையாத சிறப்புக் கல்வியில் இரு படிப்புகளைப் பக்கம்பக்கமாக நடத்துவதைக் காட்டிலும் ஒன்றாகப் பின்னுவதே பொருத்தமானது.

கொல்கத்தாவையும் தமிழகத்தையும் இணைக்கும் ஒரு செய்தி இங்குச் சுட்டத்தக்கது. 2005ஆம் ஆண்டு கொல்கத்தாவை அடுத்த பேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகமான இராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தர் கல்வி நிறுவனம், தன் மாற்றுத்திறன் மேலாண்மை மற்றும் சிறப்புக் கல்விப் புலத்தைக் கோயம்புத்தூர்ப் பெரியநாயக்கன்பாளையத்தில் அமைத்தது. தி. சு. அவினாசிலிங்கம் 1930ஆம் ஆண்டில் தொடங்கிய வித்யாலய வளாகமே அதற்கு இடமாயிற்று. ஒரு காலத்தில் பயிற்சி நாடிக் கொல்கத்தா சென்ற நிலை மாறி, கங்கைக்கரைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் கொங்கு நாட்டில் வழங்கப்படும் நிலை உருவாகியுள்ளது.

மதிப்பீடு

ஒருங்கிணைந்த படிப்பால் விளையும் நன்மைகள் வெளிப்படையானவை. ஓராண்டு மிச்சமாகிறது. இலக்கணத்தைப் பயிலும்போதே அதனைப் பார்வையற்ற மாணவர்க்கு எவ்வாறு உணர்த்துவது என எண்ணும் பழக்கம் உண்டாகிறது. சிறப்பாசிரியர் பாட ஆசிரியராகவும் விளங்க முடிகிறது. இவற்றோடு எண்ணிப் பார்க்க வேண்டிய இடர்ப்பாடுகளும் உள்ளன.

முதலாவது, எந்த வயதில் தேர்வது என்பது. ஜாமினிநாத் பானர்ஜி முதலில் குழந்தைகளைச் சந்தித்தார். பின்னரே பயிற்சியைத் தேடினார். இன்றைய மாணவர் பதினேழு, பதினெட்டு வயதில், அத்தகைய குழந்தை ஒருவரோடும் பழகாத நிலையிலேயே இத்துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. முதலாண்டில் சிறப்புப் பள்ளியில் பழகும் வாய்ப்பும், அதன் பின் விரும்பினால் பொதுப்பட்டத்திற்கு மாறும் வழியும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பயிற்சிக் களம். பழைய பட்டய முறையின் உயிர் குழந்தைகளோடு பழகிய காலமே. கல்லூரிக் கால அட்டவணைக்குள் அக்காலம் சுருங்கிவிடுமானால் முறையறிவு மீண்டும் ஏட்டறிவாகிவிடும். பெகலா, நரேந்திரபூர் போன்ற பழைய பள்ளிகளோடு கல்லூரிகள் நிலையான உறவு கொள்ளும்போதுதான் இது தவிர்க்கப்படும்.

மூன்றாவது, ஒற்றைக் குறைபாட்டுச் சிறப்புத் தேர்ச்சி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பட்டயக் காலத்து மரபை ஒட்டி ஆசிரியர் ஒரு வகையில் மட்டும் தேர்ச்சி பெறுகிறார். சிற்றூர்ப் பள்ளியொன்றில் பணியாற்றும் ஒரே சிறப்பாசிரியர் முன் பல வகைக் குழந்தைகளும் வந்து நிற்பர்.

நான்காவது, பணியிடம். உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் மாதத்தில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் வழங்கிய தீர்ப்பு, சிறப்பாசிரியர்க்கு நிலையான பணியிடங்கள் தேவை என்பதை எடுத்துரைத்தது. 2022 செப்டம்பரில் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை திருத்தப்பட்டு, தொடக்க வகுப்புகளில் பத்து மாணவர்க்கு ஒருவர், அதற்கடுத்த எட்டாம் வகுப்பு வரை பதினைந்து மாணவர்க்கு ஒருவர் என்னும் அளவு வரையறுக்கப்பட்டது. 2025 மார்ச்சு மாதத்தில் நீதிமன்றம் மாநிலங்கள் பணியிடங்களை வரையறுத்து அறிவிக்குமாறு மீண்டும் பணித்தது. ஒப்பந்த ஊதியத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வேலையையே நம்பி ஒருவர் நான்கு ஆண்டுகளைச் செலவிட முன்வருவாரா என்பதைக் கொள்கை வகுப்போர் எண்ண வேண்டும். படிப்பை இணைத்துவிட்டுப் பணியை இணைக்காமல் விடுவது பாதி வேலையாகும்.

ஐந்தாவது, யார் ஆசிரியராகலாம் என்பது. 1880ஆம் ஆண்டின் மிலான் மாநாடு பேச்சுமுறையை உயர்த்திச் சைகை மொழியைப் புறந்தள்ளியது. அதன் பின் செவித்திறன் குறையுடையோர் தம்மைப் போன்ற குழந்தைகளுக்கு ஆசிரியராகும் வழி உலகெங்கும் சுருங்கியது. பானர்ஜி பயின்ற காலடெட் பயிற்சித் துறையே கேட்கும் திறனுடையோர்க்காக அமைக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. வசிஷ்டா, உட்வர்டு முதலானோர் 1970களில் கொல்கத்தா, தில்லி, மும்பை, பெங்களூரு ஆகிய நகரங்களின் சைகை வழக்குகளை ஆராய்ந்து அவற்றின் உறவை வெளிப்படுத்தினர். 2015ஆம் ஆண்டு இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் உருவான பின், சைகை மொழி கற்பித்தலுக்கான பட்டயப் படிப்பில் செவித்திறன் குறையுடையோர் ஆசிரியர்களாகப் பயிற்சி பெறுகின்றனர். நான்காண்டுப் படிப்பின் வாயிலும் அவர்களுக்குத் திறந்திருத்தல் வேண்டும்.

முடிவுரை

கொல்கத்தாவின் வரலாறு மூன்று கருத்துகளை உணர்த்துகிறது. சிறப்புக் கல்வி அந்நகரில் கல்லூரியின் அருகிலேயே பிறந்தது. கல்லூரி அதனைத் தன்னுடையதாக ஏற்காமையால் பிரிந்து வளர்ந்தது என்பது ஒன்று. பிரிந்திருந்த காலத்தில் பெற்ற குழந்தை அனுபவமும், இழந்த பாட அறிவும் மதிப்பும் சமமாக எண்ணத்தக்கவை என்பது மற்றொன்று. மீண்டும் இணையும்போது பட்டம் பயிற்சியை விழுங்கிவிடாமலும், பயிற்சி பட்டத்தைப் பெயரளவினதாக ஆக்கிவிடாமலும் காத்தல் வேண்டும் என்பது மூன்றாவது.

இதில் தமிழ்த் துறைகளுக்கும் பங்குண்டு. பிறப்பியலையும் எழுத்திலக்கணத்தையும் கற்பிக்கும் துறைகள், அவ்வறிவு பிரெயில் பலகையின் மீதும் பேச்சுப் பயிற்சி மேசையின் முன்னும் பயன்படுவதைத் தம் மாணவர்க்கு உணர்த்தலாம். தமிழ் இளங்கலைப் பட்டத்தோடு சிறப்பு பி.எட். இணையுமாயின், அப்பாடத்திட்டத்தை வகுக்கும் பணியில் தமிழ்ப் பேராசிரியர்களும் பங்கேற்றல் வேண்டும். அவ்வாறு உருவாகும் ஆசிரியரால் ‘பாலை’யையும் ‘மாலை’யையும் வேறுபடுத்தி உணரும் குழந்தை, தமிழ்க் கல்வி இதுவரை முழுமையாக எட்டாத ஒரு வாசகராக வளரும்.